பலகையில் உட்கார முடியாத நாட்கள்

மீன் விற்பவளுக்கு வேண்டியது இரண்டு. நல்ல வாய், உட்கார ஒரு பலகை. வாய்க்கு எனக்குக் குறைச்சல் இல்லை என்று ராயபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பலகையில் உட்காருவதில்தான் வந்து சேர்ந்தது வினை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். பெண்கள் கூச்சப்படாமல் படியுங்கள். ஆண்களும் படிக்கலாம், உங்கள் வீட்டிலும் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடும்.

என் பெயர் ரெஜினா. ஐம்பது தாண்டிவிட்டது, மாதவிலக்கு நின்று சில வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் சூசை, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மகன் கப்பலில் ஃபிட்டர், வருடத்தில் முக்கால்வாசி கடலில்தான். மருமகள் ஸ்டெல்லா எங்களோடு இருக்கிறாள். எனக்கு வந்த நோவு பிறப்புறுப்பில். இதோ எழுதியாகிவிட்டது, வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இந்த ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லத்தான் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

முதலில் எங்கள் மீன் வரிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் பயம் உங்களுக்குப் புரியாது. பழைய ரயில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஆளுக்கொரு மரப்பலகை, முன்னால் அருவாமணை, பக்கத்தில் கூடை. பட்டாவும் கிடையாது, ரசீதும் கிடையாது. எவள் பலகையில் தினமும் ஆள் இருக்கிறதோ அது அவள் இடம். தொடர்ந்து காலியாகக் கிடந்தால் அடுத்தவள் கூடை ஏறிவிடும், யாரும் கேட்க முடியாது. நின்றுகொண்டு விற்கலாமே என்பீர்கள். அருவாமணைக் கட்டையை ஒரு காலால் அழுத்திக் குந்தி உட்கார்ந்தால்தான் மீன் வெட்ட முடியும். வெட்டிக் கொடுக்காத மீன்காரியிடம் இந்தக் காலத்தில் யார் வாங்குகிறார்கள்?

அரிப்பாகத்தான் ஆரம்பித்தது. பகலில் வேலை மும்முரத்தில் மறந்துவிடுவேன், படுத்தால் பிடுங்கி எடுக்கும். சூட்டு உடம்பு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். இளநீர் குடித்தேன். மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் கையைக் காட்டி ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனேன்.

அந்த டாக்டர் நல்ல மனிதர். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அவரிடம்தான் ஓடுவோம். ஆனால் நான் விஷயத்தைச் சொன்னதும் சீட்டு எழுதும் காகிதத்திலிருந்து அவர் தலை நிமிரவே இல்லை. என்னைவிட அவருக்குத்தான் கூச்சம்.

"வெள்ளைப் படுதாம்மா?"

"லேசா சார்."

"அரிப்பு?"

"அதுக்குத்தான் சார் வந்துகீறேன்."

"மீன் வாடை அடிக்குதா?"

நான் என்ன சொல்லட்டும்? என் புடவையில் மீன் வாடை, தலையணையில் மீன் வாடை, மாதா படத்துக்குப் போடுகிற பூவில்கூட மீன் வாடை. "அடிக்குது சார்," என்றேன். பொய் சொல்லவில்லையே.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. பிறப்புறுப்பின் உள்ளே நமக்கு நல்லது செய்யும் கிருமிகள் இருக்கின்றன. அவை குறைந்து வேறு கிருமிகள் பெருகினால் வருகிற நோய்க்கு பாக்டீரியல் வஜினோசிஸ் என்று பெயர். அதில் வெளியாகும் நீர் மீன் வாடை அடிக்கும். ஆகவே டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். கேட்ட ஆள்தான் சரியில்லை. மீன்காரியிடம் போய் மீன் வாடை அடிக்குதா என்றால் வேறென்ன பதில் வரும்?

மாத்திரை கொடுத்தார். விழுங்கினால் வாயெல்லாம் தகரத்தை நக்கின மாதிரி ஒரு கசப்பு. முடித்துவிட்டு மறுபடி போனேன். மறுபடி அதே கேள்வி, அதே பதில், அதே மாத்திரை. அதற்கப்புறம் பூஞ்சைக்கு ஒரு களிம்பு. ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

நானாக ஒரு வைத்தியமும் செய்தேன். வாடை என்னிடமிருந்துதான் வருகிறது என்று டாக்டரே ஒத்துக்கொண்டுவிட்டார் அல்லவா? சந்தையில் கடை கட்டும்போது பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்ப்போம், வாடை போய்விடும். அதே கணக்கில் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து இரண்டு வேளையும் கழுவ ஆரம்பித்தேன். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊற்றினேன். என் புத்தியை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது கண்ணீர்தான் வந்தது.

தோல் வெடிக்க ஆரம்பித்தது. சிறுநீர் பட்டால் உயிர் போகும். பலகையில் குந்தினால் வெடிப்பு விரியும், அருவாமணையை மிதித்து ஒரு வஞ்சிரத்தை வெட்டி முடிப்பதற்குள் வியர்த்துக் கொட்டும். ராத்திரியில் சூசை பக்கத்தில் வந்தால் பயம். குறட்டை தாங்கவில்லை என்று சாக்குச் சொல்லிப் பாயை அடுப்படிக்கு மாற்றிக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டுவிட்டார். "இன்னாமே, உக்காரமாட்டாம நெளிஞ்சிகினே கீற?"

"மூலம்யா," என்றேன்.

மூலம் மரியாதையான வியாதி. எங்கள் வரிசையில் பாதிப் பேருக்கு உண்டு, சத்தம் போட்டுப் பேசலாம். மறுநாள் சூசை ஒரு ஸ்கூட்டர் டயர் ட்யூபில் பாதிக் காற்றடித்து, தன் பழைய லுங்கியைச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "இதும்மேல குந்து. நாங்க லாரில நாள் கணக்கா க்யூல நிக்கறவங்க, எங்களுக்குத் தெரியும் இதோட அருமை." பலகை மேல் ட்யூபை வைத்து அதன் மேல் நான். வரிசையே சிரித்தது. ஆனால் வலி கொஞ்சம் குறைந்தது என்னவோ உண்மை.

மூலம் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் கொண்டுவந்தார்கள். துத்திக்கீரை வந்தது, மோர் வந்தது. பக்கத்துப் பலகை முனியம்மா தினமும் கருணைக்கிழங்குக் குழம்பு கொண்டுவந்து, நான் தின்று முடிக்கும்வரை நகரமாட்டாள். சரியாக வேகாத கிழங்கு தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். கீழே அரிக்கிறதென்றால் இப்போது மேலேயும் அரித்தது.

முனியம்மாவுக்கு என்மேல் பாசம் உண்டு. என் பலகைமேல் அதைவிடப் பாசம். அவள் தங்கை எண்ணூரிலிருந்து கூடையோடு வந்து உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தாள். "பாவம் ரெஜினா, முடியலன்னா வூட்ல கெடமே. பலகைய நான் பாத்துக்கறேன்," என்பாள். பார்த்துக்கொள்வாள், தெரியாதா எனக்கு. அந்த ஒரு பயத்தில்தான் வலியோடு வந்து உட்கார்ந்தேன். பலகை போனால் பிழைப்பு போயிற்று.

இப்படியே போயிருக்கும். ஸ்டெல்லா உண்டாகியிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்கேன், துணைக்கு நான் போனேன். முறை வருவதற்குள் நெடுநேரம் ஆனது. உள்ளே போனபோது டாக்டர் அம்மா ஸ்டெல்லாவைப் பார்த்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நஸீமா டாக்டர் என்று பெயர், குள்ளமான ஆள், கணீரென்ற குரல்.

"நீங்க வெளிய பெஞ்ச் காலியா இருந்தப்பவும் நின்னுட்டே இருந்தீங்க. இங்கயும் சேர் இருக்கு, நிக்கிறீங்க. எங்கம்மா வலி?"

"மூலம் டாக்டரம்மா."

"ரத்தம் வருதா? மலம் போகும்போது வலிக்குதா?"

இரண்டுக்கும் இல்லை என்றேன். பொய்யைத் தொடர்ந்து சொல்லவும் ஒரு படிப்பு வேண்டும்போல. டாக்டர் என்னையே பார்த்தார். ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்து, "அத்தே, ராத்திரில நீங்க சொறியறது சுவத்துக்கு அந்தாண்ட எனக்குக் கேக்குது. சொல்லிடுங்க," என்றாள். அந்தப் பெண் முன்னால் எனக்கு மானம் போயிற்று. போனதும் ஒரு நிம்மதி.

திரைக்குப் பின்னால் படுக்கச் சொன்னார். நாலு பிள்ளை பெற்றவள்கூட அந்தக் கட்டிலில் கூசித்தான் போவாள், நான் ஒன்று பெற்றவள். டாக்டர் விளக்கைத் திருப்பிக்கொண்டு பார்த்தார். பார்த்தார் என்றால் அவசரமில்லாமல், ஒவ்வொரு இடமாக, தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட்டார்.

"வெளித்தோல் வெள்ளையா, மெலிசா, கசங்கின காகிதம் மாதிரி இருக்கும்மா. எவ்ளோ நாளா இப்படி?"

"தெரியாது. நான் பாத்ததில்ல."

"நீங்க பாக்கல, சரி. டாக்டருங்க யாரும் பாக்கலையா?"

"இல்ல டாக்டரம்மா. கேட்டாங்க. நான் சொன்னேன்."

என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று சொல்ல வைத்தார். மீன் வாடை விஷயம் வந்ததும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு பஞ்சுக்குச்சியில் உள்ளிருந்து கொஞ்சம் நீர் எடுத்தார். ஒரு காகிதத்தில் தொட்டார். அது புளிப்புத்தன்மை பார்க்கிற காகிதமாம், நிறம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடுவார்களாம். இன்னொரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து அதன்மேல் ஒரு சொட்டு மருந்து விட்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். படித்த மனுஷி, என்னுடையதைப் போய் முகர்கிறாரே!

"ஒரு வாடையும் இல்ல," என்றார். "கிருமி இருந்தா இந்த மருந்து பட்டதும் நாறும். உங்க புடவையிலதான்மா மீன் வாடை. உங்ககிட்ட இல்ல."

இரண்டு வருடமாக என்னை நானே நாற்றம் பிடித்தவள் என்று நினைத்துத் தேய்த்துக் கொண்டிருந்தேன். அந்தக் கட்டிலில் படுத்தபடியே அழுதுவிட்டேன். ஸ்டெல்லா திரைக்கு வெளியே நின்று மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பிறகு விளக்கிச் சொன்னார். இது உள்ளே வருகிற நோய் இல்லை, வெளியே இருக்கும் தோலில் வருகிற நோய். நம் உடம்பே அந்தத் தோலை எதிராளி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. தோல் வெளுத்து, மெலிந்து, சுருங்கி, வெடிக்கும். தொற்றாது. அழுக்கினால் வருவதில்லை. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம் வரும், சின்னப் பிள்ளைகளுக்கும் வரலாம். வெண்குஷ்டமா என்று கேட்டேன். அதில் நிறம் மட்டும்தான் போகும், அரிப்போ வெடிப்போ பெரிதாக இருக்காது என்றார். "ஆனா உறுதிப்படுத்தணும். மிளகளவு தோல் எடுத்து அனுப்பணும். ரொம்ப நாள் வைத்தியம் பாக்காம விட்டா சில பேருக்கு அதுல புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கு. உங்களுக்கு ஒரு இடத்துல தோல் தடிப்பா இருக்கு, அதனாலதான்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் யாரோ எழுந்து ஸ்டெல்லாவுக்கு இடம் கொடுத்தார்கள். அவள் என்னை உட்காரச் சொன்னாள். நான் அவளைச் சொன்னேன். இரண்டு பேரும் நின்றோம், சீட் காலியாக வந்தது. "சீட்ட காலியா வுட்டுட்டு ரெண்டு பேரும் தொங்கிகினு வந்தா நான் இன்னாம்மா பண்றது?" என்று கண்டக்டர் கத்தினார். அத்தனை பயத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சூசையிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். மூலமில்லை என்பதிலிருந்து புற்றுநோய்ப் பரிசோதனை வரைக்கும். லாரி ஓட்டுகிற மனுஷன், கோபம் வந்தால் துறைமுக கேட்டுக்கே கேட்கும். அன்று தாழ்ந்த குரலில், "ரெண்டு வருசமா நான் இன்னா தப்பு பண்ணேன்னு யோசிச்சிகினு கீறேன்மே," என்றார். "கொறட்டைன்னு சொன்னப்ப டாக்டராண்ட போயி மூக்க கூட காட்டிட்டு வந்தேன்." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய.

"தோல் எடுத்தா கொஞ்ச நாள் குந்த முடியாதுய்யா. பலகை?"

"நான் குந்தறேன்."

எங்கள் வரிசையில் ஆண்கள் மீன் கொண்டுவந்து இறக்குவார்கள், ஐஸ் உடைப்பார்கள். பலகையில் உட்கார்ந்து விற்றதாக எனக்குத் தெரிந்து சரித்திரமே இல்லை. ஸ்டெல்லாவால் முடியாது, மீனைப் பார்த்தாலே வாந்தி. வேறு வழி? முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு மறுநாள் காலையில் என் ட்யூபில் போய் உட்கார்ந்துவிட்டார். முனியம்மா வரிசைக்குப் பெரியவளிடம் ஓடினாளாம். "ஆம்பள குந்தலாமாக்கா?" பெரியவள், "பலகை காலியா கீதா? இல்லல்ல, வுடு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாளாம்.

ஆஸ்பத்திரியில் தோல் எடுக்கிற அன்றைக்கு என் ரத்த அழுத்தம் பயத்தில் ஏறிப்போய், அடங்கும்வரை வார்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எடுத்தது ஒன்றுமில்லை. மரத்துப்போக ஓர் ஊசி போட்டார்கள், அதுதான் சுரீரென்றது. பிறகு பேனா முனை மாதிரி ஒரு கருவியால் ஒரு சிட்டிகைத் தோல், ஒரு தையல். இதற்கா இத்தனை பயம் என்று இருந்தது. உண்மையான பயம் அதற்கப்புறம் முடிவு வரும்வரைக்கும்தான்.

வார்டு கலகலப்பாகத்தான் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் மணலி புதுநகரிலிருந்து வந்த ஓர் இளம்பெண். அவளுக்கு ஓயாத எரிச்சல், ஆனால் பார்த்தால் தோல் நன்றாக இருக்கிறது, எல்லா டெஸ்டும் சரியாக இருக்கிறது. மாமியார் வீட்டில் வேஷம் என்றார்களாம். நஸீமா டாக்டர் வந்து பஞ்சுக்குச்சியால் இடம் இடமாகத் தொட்டுப் பார்த்து, "நரம்புதான் தப்பா வலியச் சொல்லுது. இதுக்கும் பேர் இருக்கு, மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு. கற்பனை இல்ல," என்றார். அந்தப் பெண் டாக்டர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வலி போகவில்லை, ஆனால் அன்று முழுக்க அவள் எங்களுக்கு ஜோக் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் அந்தோணியாரிடம் பேரம் பேசினேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். "அந்தோணியாரே, எனக்கு உக்கார்ற சொகம் தொலஞ்சி பூட்ச்சி, அத தேடிக் குடும். புத்துநோய நான் தொலைக்கல, அத எங்கிட்ட குடுக்காதயும்." ஸ்டெல்லா தினமும் ரசம் சாதம் கொண்டுவந்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு அவளே மீன் வறுத்தும் கொண்டுவந்தாள். வாந்தி எடுத்துவிட்டுத் திரும்ப வந்து வறுத்தாளாம். அந்த மீனை முள்ளைத் தவிர மிச்சமில்லாமல் தின்றேன்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு வாங்கப் போன அன்று சூசையும் வந்தார், பலகையில் ஒருநாள் பெரியவளின் பேத்தியை உட்காரவைத்துவிட்டு. டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"புற்றுநோய் இல்ல. லைக்கன் ஸ்க்லெரோசஸ்."

சூசை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "ஏதோ கிரீஸ் தேசத்துக் கப்பல் பேரு மாதிரி கீதே டாக்டர்!" டாக்டரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, முந்தானைக்குள் தேம்பிக்கொண்டிருந்தேன்.

வைத்தியம் எளிது. வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, விரல் நுனியளவு, முதலில் தினமும், பிறகு டாக்டர் சொல்கிறபடி குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு என்றதும் பயந்து நானாக நிறுத்தக்கூடாது, பிடித்துப்போய் நானாகக் கூட்டவும் கூடாது. முழுசாகப் போய்விடாது, அடங்கியிருக்கும். அதனால் நன்றாக இருந்தாலும் சொன்ன நேரத்தில் வந்து காட்ட வேண்டும். சோப்பும் கிருமிநாசினியும் அந்தப் பக்கமே போகக்கூடாது, வெறும் தண்ணீர் போதும். மாதம் ஒருமுறை கண்ணாடி வைத்து நானே பார்க்க வேண்டும். இதைக் கேட்டதும் சூசை சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தை ரொம்பக் கவனமாகப் படித்தார்.

அரிப்பு சில நாளிலேயே குறைந்தது. வெடிப்பு ஆறக் கொஞ்சம் நாள் பிடித்தது. பாயை அடுப்படியிலிருந்து எடுத்துவிட்டேன், குறட்டை நிஜமாகவே பயங்கரம்.

நல்லபடியாகக் குந்த முடிந்த அன்று சந்தைக்குப் போனேன். வரிசை முழுக்க என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தது. பெரியவள் சத்தமாக, "இன்னாமே ரெஜினா, அந்தத் தோல் வியாதி அடங்கிட்ச்சா? களிம்பு கேக்குதா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூசையைச் சந்து முனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "யோவ், மைக் கட்டிச் சொன்னியா?"

"மூலம் எப்டி கீதுன்னு கேட்டாங்க. மூலமில்ல, பின்னாடி இல்ல முன்னாடி, தோல் வியாதி, பாத்துகினு கீறாங்கன்னேன். கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"என் மானத்த வாங்கிட்டியேய்யா!"

"இந்தாமே. நீ மூலம்னு பொய் சொன்ன, இன்னா வந்துது? கருணக்கெழங்கு வந்துது. நான் நெசத்த சொன்னேன். இன்னா வந்துது தெரியுமா? மூணு பேரு, ஆளில்லாத நேரமா பாத்து என்னாண்ட வந்து, எந்த டாக்டருன்னு கேட்டாங்க. ஆம்பளயாண்ட வந்து கேக்கறாங்கன்னா அவங்களுக்கு எவ்ளோ நோவு இருக்கணும்? யாருன்னு சொல்லமாட்டேன். அவங்களே வருவாங்க."

வந்தார்கள். முதலில் வந்தது முனியம்மா. கடை கட்டின பிறகு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஐஸைக் காலால் தள்ளினாள். "அந்த ட்யூபு களிம்ப ஒரு வெரலு குடேன்."

எங்கள் வரிசையில் ஒருத்தி மருந்து எல்லாருக்கும் மருந்து. தலைவலித் தைலமானாலும் சேற்றுப்புண் மருந்தானாலும் கை மாறிக்கொண்டே இருக்கும். முன்பென்றால் நானும் கொடுத்திருப்பேன்.

"தரமாட்டேன்," என்றேன். "என் தோலுக்குக் குடுத்தது உனக்கு ஆவாது. உனக்கு வேற எதுனா இருந்தா இது போட்டு இன்னும் கெட்டுப் பூடும். அவங்க மொதல்ல பாக்கணும்."

முகம் சுருங்கிவிட்டது. "உன் பலகைக்கு ஆசப்பட்டேன்னு பழி தீக்கறியா?"

"வர்ற செவ்வாய்க்கெழம என்கூட வா."

"நான் வந்தா என் பலகைல யாரு குந்துவா?"

"உன் வூட்டுக்காரரு."

அவள் வாயைப் பிளந்தாள். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை ஐஸ் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு கண்டால் முறைப்பார்கள், முகம் கொடுத்துப் பேசிப் பல வருடம். அவரிடம் எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் திண்டாட்டம். சூசைதான் போய்ப் பேசினார். அதற்குள் எங்கள் வரிசையில் தேவியும் கற்பகமும்கூட என்னிடம் வந்து கேட்டுவிட்டார்கள், அவர்களையும் வரச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் சந்தைப் பார்த்திருக்க வேண்டும். என் பலகையில் சூசை, முனியம்மா பலகையில் ஏழுமலை, தேவி பலகையில் அவள் புருஷன், கற்பகம் பலகையில் அவள் கொழுந்தன். நாலு ஆம்பிளைகள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அருவாமணை முன்னால் வரிசையாகக் குந்தி இருந்தார்கள். பல நாள் அனுபவஸ்தராகிவிட்ட சூசை மற்றவர்களுக்குச் செதில் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்கள் மீனை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தார்கள்.

நஸீமா டாக்டர் ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார். ஒருத்திக்கும் என் நோய் இல்லை! தேவிக்கு வாசனை போட்ட நாப்கினும் வாசனை சோப்பும் ஒத்துக்கொள்ளாமல் தோல் புண்ணாகி இருந்தது, அதை நிறுத்தினாலே பாதி சரியாகிவிடும் என்றார். கற்பகத்துக்குத் திரும்பத் திரும்பப் பூஞ்சை, காரணம் அவளுக்கே தெரியாமல் ஏறியிருந்த சர்க்கரை. என் களிம்பைப் பிரித்துக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

முனியம்மா கடைசியாக வெளியே வந்தாள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லயாம். தீட்டு நின்னா அங்க ஈரம் வத்திப் பூடுமாம். தோலு காஞ்சி மெலிஞ்சிடுமாம். அதுக்கு ஒரு கிரீம் எழுதிகீறாங்க." சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்தாளு பக்கத்துல வந்தாலே நான் கத்துவேன் ரெஜினா. அப்டி எரியும். எனக்கு அவர புடிக்காம பூட்ச்சின்னு நானே நெனச்சிகினேன். அவரும் அப்டிதான் நெனச்சிகினாரு. காஞ்சி போனதுதானாமே. வெறும் வறட்சிதானாம்."

அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் திரும்பியபோது சந்தையில் வெயில் ஏறியிருந்தது. ஏழுமலை கட்டை விரலில் துணி சுற்றிக்கொண்டு ஒரு சங்கரா மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஓர் அம்மா பையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் வெட்டிய லட்சணத்துக்கு முனியம்மா ஊரைக் கூட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் எழுந்திருக்கப் போனார்.

"எந்திரிக்காத. நகந்து குந்து," என்றாள்.

அவர் புரியாமல் நகர்ந்தார். அது ஒருத்தர் உட்காரும் பலகை. அவள் பாதி பலகையிலும் பாதி வெளியிலுமாக அவரை ஒட்டி உட்கார்ந்து அருவாமணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் மீனை எடுத்துக் கொடுத்தார், அவள் வெட்டினாள். கூடை காலியாகும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.